எங்கள் பேருந்துகள் புகை விடாதவை

திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியில் நான் போக்குவரத்துப் பொறுப்பாளர். பதவியின் பெயரைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம். ஒன்பது பேருந்து, ஒன்பது ஓட்டுநர், ஒரு பீரோ, ஒரு மேசை, மழை பெய்தால் பீரோவுக்கும் மேசைக்கும் நடுவே வைக்க ஒரு வாளி. ஓமந்தூர் வண்டி ஏன் தாமதம், அனந்தபுரம் வண்டியில் யார் பிள்ளை தூங்கிப்போய் இறங்காமல் விட்டது, எந்த அம்மா போனில் என் காதைக் கிழிக்கிறார், இதெல்லாம் என் இலாகா. கல்யாணத்துக்கு முன்பு எனக்குக் கோபம் வராது என்று என் அம்மா சொல்வார். இந்த வேலைக்கு வந்த பிறகு அவரும் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேருந்துகள் புகையே விடாது. நான் சொல்லவில்லை, சான்றிதழ் சொல்கிறது. புகைச் சோதனை நிலையத்தில் நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி வண்டியை நிறுத்துவார்கள், ஒரு படம் எடுப்பார்கள், புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியை விடுவார்கள். வெயில் அதிகமாக இருந்தால் கம்பியை விடாமல் படத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கையில் தாள் வரும். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வண்டி கிளம்பும்போது பின்னால் எழும் கரும்புகையில் சான்றிதழ் கொடுத்தவரே தெரியமாட்டார். நான் அதைப் பீரோவில் பத்திரமாக வைத்துப் பூட்டுவேன்.

மே மாதத்தில் இன்னொரு திருவிழா உண்டு. மாவட்டத்துப் பள்ளிப் பேருந்துகளை எல்லாம் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்வார்கள். முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, கேமரா, படிக்கட்டின் உயரம் எல்லாம் பார்ப்பார்கள். எங்களிடம் இருந்த நல்ல தீயணைப்புக் கருவிகள் நான்கு. முதல் வண்டியைப் பார்த்து முடித்ததும் கருவி பின்பக்கத்து அவசர வழியாக இறங்கி ஐந்தாவது வண்டிக்குப் போகும். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் அவசர வழிகள் அன்றைக்கு நன்றாகப் பயன்பட்டன. புகையைப் பற்றிக் கேட்டபோது ஒன்பது தாள்களை எடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள்.

இவ்வளவு பொறுப்பான தாய்க்கு ஒரு மகள். அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அவளுக்கு இளைப்பு.

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இருமுவாள். ஏழு மணிக்குள் மூச்சு விசில் அடிக்கும். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கும். விழுப்புரத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவருக்கும் என்னைப் போலவே வாய்.

"வீட்ல யாராவது சிகரெட்டு புடிக்கிறாங்களா?"

"இல்லங்க டாக்டர்."

"கொசுவத்தி?"

"நிறுத்திட்டேன்."

"சாம்பிராணி?"

"வெள்ளிக்கிழமை மட்டும் போடுவோம்."

"அப்ப வெள்ளிக்கிழமை மட்டும் பாப்பா மூச்சு விடாம இருக்குமா?" என்று கேட்டுவிட்டு மருந்துச் சீட்டை எழுதினார். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து, இன்ஹேலர் எப்படி உறிஞ்ச வேண்டும் என்று காட்டிக்கொடுத்து, "புகை உள்ள போகக் கூடாது கண்ணு" என்று அவளிடமும் சொன்னார். அவள் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள்.

அன்றிலிருந்து நான் புகையை வேட்டையாடினேன். சாம்பிராணியைத் தூக்கி எறிந்தேன். தெருமுனையில் குப்பை கொளுத்தியவரிடம் சண்டை போட்டேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, எனக்கும் அதில் நஷ்டமில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளை, வண்டியில் கடந்து போகும்போதெல்லாம் வாய்விட்டுத் திட்டினேன். கர்நாடக லாரி, ஆந்திர லாரி, யாரையும் விடவில்லை. எல்லா ஊர்ப் புகையையும் திட்டினேன்.

இளைப்பு நிற்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் நன்றாக இருப்பாள். திங்கட்கிழமை சாயங்காலம் விசில் வரும். காலாண்டு விடுமுறை முழுவதும் வரப்பில் ஓடினாள், மல்லாட்டைக் கொடியைப் பிடுங்கிப் பச்சைக் கடலை உரித்தாள், மண்ணில் புரண்டாள், ஒரு தடவைகூட இளைக்கவில்லை. பள்ளி திறந்த அன்றைக்கே மறுபடி வந்தது. இதைப் பார்த்து ஒரு புத்திசாலித் தாய் என்ன முடிவுக்கு வருவாள்? பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்ற முடிவுக்கு வந்தேன். அவளிடமே அதைச் சொன்னேன்.

அந்த நடிப்பு அக்டோபரில் ஒருநாள் எல்லை மீறிப்போனது. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது, உதடு நிறம் மாறியது. விழுப்புரம் போகிற வரைக்கும் ஆட்டோவில் அவள் முதுகைத் தடவிக்கொண்டே போனேன். மருந்துப் புகையை முகமூடி வழியாக மூன்று தடவை கொடுத்த பிறகுதான் அவளால் "ம்மா" என்று சொல்ல முடிந்தது. மருத்துவர் அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை.

"எங்கயோ தினமும் புகை படுது. அது எங்கன்னு கண்டுபுடிங்க. இல்லன்னா பாப்பாவ கொஞ்ச நாளைக்கு ஸ்கூல்லேர்ந்து நிறுத்திடுங்க. இன்னொரு வாட்டி இப்டி வந்தா நான் பொறுப்பில்ல" என்றார்.

நிறுத்துவதா? இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். கடைப் பலகை, பஸ் பலகை, பால் பாக்கெட் என்று கண்ணில் பட்டதை எல்லாம் வாசித்து உயிரை வாங்குகிற பிள்ளை. எனக்கு ஒரு வாரம் கெடு வைத்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் எங்கள் புதுப் பேருந்து படுத்துக்கொண்டது.

அந்தப் பேருந்து பள்ளியின் பெருமை. மற்ற எட்டும் பழசு, இது ஒன்றுதான் புது மாடல். எங்கள் ஓட்டுநர்களில் மூத்தவருக்கு அதைக் கொடுத்திருந்தோம். நல்ல மனிதர், ஒருநாளும் குடித்துவிட்டு வந்ததில்லை, பிள்ளைகளிடம் கத்தமாட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குப் பூஜை போடுவார். ஸ்டியரிங், கண்ணாடி, கியர் தடி, மீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் விழும். சில வெள்ளிக்கிழமை என் மேசைக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவார்.

படுத்துக்கொண்ட அன்று காலை திண்டிவனம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. நாற்பது பிள்ளைகளோடு நத்தை மாதிரி ஊர்ந்து பள்ளிக்கு வந்து சேர்ந்தது. மதியம் கம்பெனி மெக்கானிக் வந்தார். முன்பக்கம் குனிந்து மீட்டரைப் பார்த்தார், கைக்குட்டையால் ஓர் இடத்தில் அழுத்தித் துடைத்தார். குங்குமத்துக்கு அடியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எத்தினி நாளா எரியுது?" என்று கேட்டார்.

"அது ஆவுதுங்க ஒரு மாசம்" என்றார் எங்கள் மூத்தவர், ஒளிவு மறைவே இல்லாமல். "ஒரு வெள்ளிக்கிழமை பூஜ போட்டுக்கினு இருக்கும்போதுதான் எரிய ஆரம்பிச்சுது. கட்டம் போட்டு உள்ள புள்ளி வெச்ச மாதிரி இருந்துச்சா, கோலம் போலருக்குது, நல்லதுதான்னு அதுக்கும் ஒரு பொட்டு வெச்சேன்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த மாதிரி வண்டியில் புகையோடு வருகிற கரியை வெளியே விடாமல் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. வண்டி சாலையில் நன்றாக ஓடிச் சூடு ஏறினால் அந்தக் கரி உள்ளேயே எரிந்துவிடும். நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டால் அந்தச் சூடு வராது, கரி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அந்த விளக்கு எரியும். விளக்கு எரிந்தவுடனே நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டியிருந்தால் போதும். பொட்டு வைத்தால் போதாது.

"நிறுத்தி வெச்சிக்கினு என்ஜின ஓட உடுறீங்களா?" என்று கேட்டார்.

"தெனம் அரை மணி நேரம்" என்றார் மூத்தவர்.

"ஒன்பது வண்டியுமா?"

"ஒன்பதும்தான்."

மெக்கானிக் கீழே இறங்கி வராந்தா பக்கம் கை காட்டினார். எங்கள் பேருந்துகள் எப்போதும் முகத்தைச் சாலைப் பக்கம் காட்டி நிற்கும், நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பது தாளாளரின் விருப்பம். அதனால் பின்பக்கம் வகுப்பறைகளின் பக்கம் இருக்கும். வராந்தாவின் குட்டைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கீழே வரிசையாக எட்டுக் கறுப்பு வட்டங்கள், தோசைக்கல் அளவில். ஒன்பதாவது இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"இந்த வண்டி அதோட கரிய உள்ள வெச்சிக்கினு பேஜாரு பண்ணுது. மத்த எட்டும் எங்க கொட்டுதுன்னு பாத்தீங்களா" என்றார்.

மூன்றாவது வட்டத்துக்கும் நான்காவது வட்டத்துக்கும் நடுவே, வராந்தாவுக்கு அப்பால் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு மேலே 'இரண்டாம் வகுப்பு அ' என்று நீலத்தில் எழுதியிருந்தது. என் மகளின் வகுப்பு. நான்கு மாதமாகக் கர்நாடக லாரியைத் திட்டிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றுபோனது.

என் அறை கட்டடத்தின் மறு கோடியில், ஊர்ச் சாலைப் பக்கத்து வாசல் கேட்டைப் பார்த்தபடி இருக்கிறது. தினமும் சாயங்காலம் பின்னால் என்ஜின்கள் இரையும். அந்த இரைச்சல் கேட்டால் மூன்று பத்து ஆகிவிட்டது என்று தெரிந்து பதிவேட்டை எடுப்பேன். மணிக்கூண்டு மாதிரி அது எனக்குப் பழகிப்போயிருந்தது. எழுந்து போய் ஒருநாளும் பார்த்ததில்லை.

இப்போது வந்த கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மூத்தவர் எதிரிலேயே நின்றார்.

"எந்த அறிவாளி அண்ணே சொன்னது, அரை மணி நேரம் என்ஜின ஓடவிட்டு வைங்கன்னு? உள்ள சின்னப் பிள்ளைங்க உக்காந்திருக்கறது தெரியலையா? உங்க வீட்டுப் பிள்ளைங்க முன்னாடி இப்படிப் பண்ணுவீங்களா?"

அவர் வண்டியில் ஏறி, பெர்மிட்டும் இன்சூரன்சும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து வந்து மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீங்கதாங்க மேடம்" என்றார்.

பள்ளியின் முத்திரை. கீழே என் கையெழுத்து. அதன் பக்கத்தில் ஒரு பெரிய புள்ளி வேறு, அழுத்தமாக. 'எல்லாப் பேருந்துகளும் மாலை 3.10க்கு ஸ்டார்ட் செய்யப்பட்டு, 3.40க்குப் புறப்படும்வரை ஓடும் நிலையிலேயே இருக்க வேண்டும். தவறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.'

ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் அனந்தபுரம் வண்டி இடத்தை விட்டு நகரவில்லை. பிள்ளைகள் இருட்டுகிற வரைக்கும் நின்றார்கள். தாளாளர் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்ட கேள்வியில் நான் கூனிக் குறுகிப்போனேன். அன்று இரவே வீட்டில் உட்கார்ந்து ஆத்திரத்தோடு எழுதிய சுற்றறிக்கை இது. 'கடும் நடவடிக்கை' என்ற வார்த்தை எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது. எழுதியதோடு நான் மறந்துவிட்டேன். ஒன்பது ஓட்டுநர்களும் இரண்டு வருடமாக ஒருநாள் தவறாமல் அதற்குக் கீழ்ப்படிந்து வந்திருக்கிறார்கள். இந்தப் பள்ளியில் நான் சொல்லி வேறு எதுவும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

"அப்பவே நான் சொன்னேங்க, டீசல் வேஸ்ட்டுன்னு. நீங்க எதுத்துப் பேசாதீங்கன்னு சொல்லிட்டீங்க" என்றார் மூத்தவர். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

மெக்கானிக் வண்டியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே தாளாளர் அறைக்குப் போனேன். சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்மா, பேரன்ட்ஸ் வந்து பாக்கும்போது வண்டியெல்லாம் உறுமிக்கினு ரெடியா நின்னா அது ஒரு கெத்து இல்லியா?"

"சார், அந்தக் கெத்து இரண்டாம் வகுப்புக்குள்ள போகுது."

"ஜன்னல மூடிட்டாப் போச்சு."

"மூடினா மின்விசிறி புகையச் சுத்திச் சுத்தி அடிக்கும் சார்."

வண்டிகளைத் திருப்பி நிறுத்தலாமா என்று கேட்டேன், முகம் தெரியாமல் பின்பக்கம் தெரிந்தால் பள்ளிக்கு மரியாதை இல்லை என்றார். என்ஜினை நிறுத்தி வைக்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ஏதாவது ஒரு வண்டி கிளம்பாமல் நின்றால் நான் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டும். சரி என்றேன். அவர் பெருந்தன்மையோடு சிரித்தார்.

வெளியே வந்தால் ஓட்டுநர்கள் கூடி நின்றார்கள். அவர்களுக்குப் புது வருத்தம்.

"ஏர் ஏறணும் மேடம்" என்றார் மூத்தவர். "ஏர் ஏறாம பிரேக்கு ரிலீஸ் ஆவாது. வண்டி நவுறாது. அதுக்கு நேரம் புடிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"அது புடிக்கும்ங்க."

இரண்டு வருடமாக யாரும் அளந்ததில்லை. மறுநாள் சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லை. போனில் நேரம் பார்த்துக்கொண்டு நானே ஒவ்வொரு வண்டியிலும் ஏறி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காற்றழுத்த மீட்டரில் முள் ஏறுகிறதா என்று பார்த்தேன். முதல் வண்டி நான்கு நிமிடம். இரண்டாவது, நான்கு. புது வண்டி அதற்கும் குறைவு. எட்டு வண்டிகள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. அனந்தபுரம் வண்டி மட்டும் இருபது நிமிடமாகியும் முள்ளை ஏற்றுவேனா என்றது. கீழே எங்கோ புஸ்ஸென்று ஒரு சத்தம். மூத்தவர் படுத்துக்கொண்டே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, முதுகைத் தட்டிக்கொண்டு, "ஒரு ஜாயின்ட்டுல லீக்குங்க. ஏர் ஏற ஏற எறங்கிக்கினு இருக்குது" என்றார்.

அதாவது ஒரு வண்டியில் ஒரு இணைப்பில் காற்று கசிந்தது. அதை மாற்றுவதற்குப் பதில் ஒன்பது வண்டியையும் அரை மணி நேரம் இரைய விட்டு, ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் புகைபோட்டிருக்கிறோம். என்ன ஒரு நிர்வாகம். அந்த இணைப்பை மாற்ற மூத்தவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. பிறகு அந்த வண்டியும் ஐந்து நிமிடத்தில் தயாராகிவிட்டது.

புதுச் சுற்றறிக்கை எழுதினேன். கடைசி மணி அடித்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், பிள்ளைகள் வரிசையில் வந்து ஏறி முடிப்பதற்குள் காற்று ஏறிவிடும். கடும் நடவடிக்கை என்று எழுதக் கை போனது, அடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மூன்று பத்துக்கு என் அறையில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் வரவில்லை. எந்த வண்டி கிளம்பாமல் நிற்கப்போகிறதோ என்று பதிவேட்டைத் திறந்து திறந்து மூடினேன். உட்கார முடியாமல் எழுந்து பின்பக்கம் நடந்தேன். ஒன்பது பேருந்துகளும் வாயை மூடிக்கொண்டு நின்றன. ஓட்டுநர்கள் வேப்பமரத்தடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பு ஜன்னல் வழியே ஒரு குழந்தை பாடம் வாசிக்கிற குரல் கேட்டது. என் மகளின் குரல். ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி, நிறுத்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள்.

வகுப்பாசிரியை என்னைப் பார்த்ததும் வராந்தாவுக்கு வந்தார். சின்ன வயதுப் பெண், இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"மேடம், கேட்டீங்களா? உங்க பொண்ணு படிக்குது."

"அவ எப்பவும் படிப்பாளே. வீட்ல வாய மூட மாட்டா."

"இல்ல மேடம்." தயங்கினார். "மத்த பீரியட்ல நல்லாப் பேசும். கடைசி பீரியட்தான் தமிழ் வாசிப்பு. எழுந்து படின்னா ஒதட்ட இறுக்கி மூடிக்கினு நிக்கும். ஜூன்லேர்ந்து இப்டித்தான். நானும் கெஞ்சிப் பாத்தேன், மெரட்டிப் பாத்தேன். திமிருன்னு நெனச்சிட்டேன் மேடம். தெனமும் வெளிய இங்கதான் நிக்க வெப்பேன். உங்ககிட்ட சொன்னா வீட்ல அடிப்பீங்களோன்னு சொல்லல."

இங்கே என்றால் வராந்தா. சுவரின் வெளிப்பக்கத்தில் அந்தக் கறுப்பு வட்டங்கள், உள்பக்கத்தில் என் மகள். அவள் உயரத்துக்குச் சுவர் மார்பளவு வரும். அதற்கு மேல் திறந்த வெளி, அப்புறம் புகைக்குழாய்கள்.

மகளை வெளியே கூப்பிட்டேன். திட்டப்போகிறேன் என்று நினைத்து மெதுவாக வந்தாள். நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏன் கண்ணு இத்தனை நாளா படிக்கல?"

"வாயத் தொறந்தா புகை உள்ள போவும்ல" என்றாள். இதுகூடத் தெரியாதா என்பது மாதிரி பார்த்தாள்.

"வெளிய நிக்க வெச்சப்ப என்ன பண்ணுவ?"

"வெளிய நெறைய வரும். அங்க மூச்சே விட மாட்டேன். பத்து எண்ணிட்டு ஒருவாட்டி விடுவேன். அப்புறம் திரும்பி பத்து."

"எதுவரைக்கும்?"

"பஸ்ஸெல்லாம் போற வரைக்கும்."

ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை. அப்போது மணி அடித்தது. வேப்பமரத்தடியிலிருந்து ஓட்டுநர்கள் ஓடி வந்து, எழுதியிருந்தபடியே, ஒவ்வொரு வண்டியாக ஸ்டார்ட் செய்தார்கள். ஒன்பதும் கிளம்பின, ஒன்றுகூட மக்கர் பண்ணவில்லை. என் வேலை பிழைத்துக்கொண்டது. எதிரில் பார்த்தால் என் மகள் உதட்டை இறுக்கி மூடி, ஒரு கையில் விரல் விரலாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வராந்தாவைத் தாண்டி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லை வரைக்கும் போனேன். ஏழு வயதுப் பிள்ளை, கனமாகத்தான் இருந்தாள். பின்னால் யாரோ, "மேடம், டிரிப் ஷீட்டுல கையெழுத்து" என்று கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

"இங்க புகை இல்ல, மூச்சு விடு" என்றேன்.

அவள் ஒன்பது, பத்து என்று முடித்துவிட்டுத்தான் விட்டாள்.